டேக்குக்கு உங்கள் பெயர் தெரியாது

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வர்த்தில், எங்கள் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபத்துக்கு டேக் (சாவிபோல் கையில் வைத்திருக்கும் சிறு மின்னணு வில்லை) வைத்துத் திறக்கும் கதவு போட்டார்கள். டேக்குகளைப் பதிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஒவ்வொரு டேக்கிலும் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் ஏற்றினேன். மறுநாள் ஒரு டேக்குக்கும் கதவு திறக்கவில்லை.

டேக்குக்குள் பேட்டரி கிடையாது. மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் கடுகளவு சில்லும் (சிப்)தான். டேக்கைப் படிக்க கதவோரம் இருக்கும் கருவியான ரீடரிலும் ஒரு சுருள் உண்டு. பழைய வகையில் அதில் வினாடிக்கு 1,25,000 முறை மின்னோட்டம் முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அந்தக் காந்தப்புலத்துக்குள் டேக் வந்ததும் அதன் சுருளில் மின்சாரம் பிறந்து சில்லு விழித்துக்கொள்கிறது. அப்புறம் அது தான் இழுக்கும் மின்சுமையைக் கூட்டியும் குறைத்தும் காட்ட, ரீடரின் சுருளில் நுண்ணிய அதிர்வாக அது தெரிகிறது. அப்படிச் சொல்வது ஒரே ஓர் எண்.

பெயர், நேரம், எந்தக் கதவு என்பதெல்லாம் கதவைத் திறக்கச் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பட்டியலில்தான். இதைப் பழைய கதை ஒன்றோடு ஒப்பிடலாம். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் நேட்டாலுக்கு வந்தவர்கள் முதல், ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆளுக்கோர் எண் கொடுத்தார்கள். எண் மட்டும் கையில் இருந்தால் ஒன்றும் புரியாது. கப்பல் பேரேட்டைப் புரட்டினால் தகப்பன் பெயரும் ஊரும் கிடைக்கும். கதவுப் பெட்டி செய்வதும் அதே தேடல்தான்.

சரி, என் டேக்குகள் ஏன் வேலை செய்யவில்லை? இந்த வகை டேக்கில் ஒரே எண்ணை இரண்டு விதமாக அச்சிடுவார்கள். உதாரணத்துக்கு 0012345678 என்றும், பக்கத்திலேயே 188,24910 என்றும் இருக்கும். 12345678-ஐ 65,536-ஆல் வகுத்தால் ஈவு 188, மீதி 24910. அவ்வளவுதான் வித்தியாசம். பரவலாகப் புழங்கும் 26 பிட் முறையில் (பிட் என்பது 0 அல்லது 1), ரீடர் 8 பிட்டை வளாக எண்ணாகவும் அடுத்த 16 பிட்டை அட்டை எண்ணாகவும் அனுப்புகிறது. மிச்சம் இரண்டு பிட் பிழை சரிபார்க்க. எங்கள் மென்பொருள் எதிர்பார்த்தது இந்த இரண்டையும் சேர்த்து எழுதிய 18824910. நான் எழுதியது 12345678. அதை அது 123,45678 என்று படித்துக்கொண்டது. அது வேறு யாருடைய டேக்காகவும் இருக்கலாம்! அதனால் எண்ணைக் கையால் எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மென்பொருளைப் பதிவு நிலையில் வைத்து, டேக்கை ரீடரிலேயே காட்டிவிடுங்கள்.

இன்னொரு கவலையும் உண்டு. இந்தப் பழைய வகை கேட்பவருக்கெல்லாம் அதே எண்ணைச் சொல்லும், நகலெடுப்பது சுலபம். 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் வேறு வகை அட்டைகளில் நல்லவை, ரீடர் ஒவ்வொரு முறையும் அனுப்பும் புதுப்புது எண்ணை ரகசியச் சாவியால் மறையாக்கம் செய்து பதில் தரும். ஆனால் ரீடர் அந்தச் சாவியைக் கேட்காமல் வரிசை எண்ணை மட்டும் படித்தால், விலை உயர்ந்த அட்டை வாங்கியும் பயனில்லை. வாங்கும்போதே இதைக் கேளுங்கள்.

லோட் ஷெடிங்கில், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும்போது, பட்டியல் அழியாது. பூட்டுதான் கவனிக்க வேண்டியது: காந்தப் பூட்டு மின்சாரம் போனால் கதவை விட்டுவிடும். அதனால் பெட்டிக்குள் 12 வோல்ட் பேட்டரி வைத்தோம்.

போன வாரம் டீச்சர் அம்மா டேக்கைத் தொலைத்துவிட்டார். கதவில் எதையும் மாற்றவில்லை. பழைய எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். புது டேக்கை அவரே ரீடரில் காட்டினார். நான் எழுதியது அவர் பெயரை மட்டும்.