ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் ஓர் எண்: கால்ப்ரோடெக்டின் சோதனை

ரத்தப் பரிசோதனை என்றால் கையை நீட்டிவிடுவார்கள். மலப் பரிசோதனை என்று எழுதிக் கொடுத்தால்தான் முகம் மாறும். அந்தச் சின்ன டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி, ஜவுளிக்கடைப் பைக்குள் போட்டு, லேப்பில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்ததாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சிலர் வெட்கப்பட்டே கொடுக்காமல் விட்டுவிடுவதும் உண்டு. கொட்டைப்பாக்கு அளவு மலம் போதும் இந்தச் சோதனைக்கு.

அதில் தேடுவது கால்ப்ரோடெக்டின் என்ற புரதத்தை. நியூட்ரோபில் என்ற வெள்ளையணுவுக்குள் கரைந்திருக்கும் புரதத்தில் ஏறத்தாழப் பாதி இதுதான். கிருமிகளுக்கு வேண்டிய துத்தநாகத்தையும் மாங்கனீசையும் பிடுங்கி வைத்துக்கொண்டு அவற்றைப் பட்டினி போடுவது இதன் வேலை. 1980-இல் நார்வேயில் ஃபாகர்ஹோல் குழுவினர் இதைப் பிரித்தெடுத்தார்கள். மலத்தில் அளக்கும் முறை 1992-இல் வந்தது. குடல் சுவரில் அழற்சி இருந்தால் நியூட்ரோபில்கள் அங்கே குவியும், அவற்றிலிருந்து இந்தப் புரதம் மலத்தில் கலக்கும். குடலில் இருக்கும் நொதிகள் இதை எளிதில் சிதைப்பதில்லை. அதனால்தான் வெளியே வந்த பிறகும் அளக்க முடிகிறது.

டாக்டர்களான எங்களுக்கு இதனால் என்ன லாபம்? வயிற்றுவலி, அடிக்கடி கழிப்பறை என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஐபிஎஸ் என்ற எரிச்சல் குடல் தொந்தரவுதான். தொல்லை நிஜம், ஆனால் குடலில் புண் இருக்காது. கொஞ்சம் பேருக்கு மட்டும் அல்சரேட்டிவ் கோலைடிஸோ க்ரோன்ஸ் நோயோ இருக்கும். இரண்டும் குடலில் புண் உண்டாக்கும் குடல் அழற்சி நோய்கள். சொல்லும் தொந்தரவை மட்டும் வைத்து ஐபிஎஸ்ஸையும் இவற்றையும் பிரிப்பது கஷ்டம். ஒரு கிராம் மலத்தில் 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குடல் அழற்சி நோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு, இளம் வயதினருக்கு அநேகமாகக் கொலனோஸ்கோபி (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) தேவைப்படாது. 250-ஐத் தாண்டினால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருந்தால் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்வேன்.

கல்லூரி மாணவர் ஒருவர். ரத்தமும் சளியுமாகப் போகிறது என்று ஒன்றரை வருடமாக மூலத்துக்கு மருந்து சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் எல்லாரும் "சூடு, மோர் குடி" என்றே சொல்லியிருக்கிறார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி சரியாக இருந்ததால் யாரும் மேற்கொண்டு தேடவில்லை. அல்சரேட்டிவ் கோலைடிஸில் சிஆர்பி பல நேரம் ஏறாது. அவருடைய கால்ப்ரோடெக்டின் ஆயிரத்துக்கு மேல். உண்மையில் இந்தச் சோதனைக்கே அவரை அனுப்பியிருக்க வேண்டியதில்லை. ரத்தம் போகிறது, எடை குறைகிறது என்றால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் நேரே கொலனோஸ்கோபிதான்.

இதற்கு நேர் எதிராக ஓர் அம்மா வந்தார். ரிப்போர்ட்டில் 412 என்று தடித்த எழுத்தில் இருந்ததைப் பார்த்து, இணையத்தில் தேடி, தனக்கு க்ரோன்ஸ் என்றே முடிவு கட்டியிருந்தார். மருந்துப் பையைக் கொட்டச் சொன்னேன். டைக்ளோபினாக் பட்டை இரண்டு விழுந்தது. "அது முட்டிக்கு சார், வயித்துக்கு இல்ல" என்றார். வலி மாத்திரைகள் குடலைப் புண்ணாக்கி இந்த எண்ணை நன்றாகவே ஏற்றிவிடும். நிறுத்திவிட்டு ஆறு வாரம் கழித்து எடுத்தபோது 38. வயிற்றுப்போக்குக் கிருமிகள், பெருங்குடல் புற்றுநோய், சில நேரம் அசிடிட்டி மாத்திரைகள்கூட எண்ணை ஏற்றும். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம், அவர்களுக்குப் பெரியவர்களின் கணக்கு செல்லாது. சிறுகுடலில் மட்டும் இருக்கும் க்ரோன்ஸில் எண் இயல்பாக வந்து ஏமாற்றுவதும் உண்டு.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல்: குடல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் புண், வலி, எடைக்குறைவு என்று அப்படியே க்ரோன்ஸ் மாதிரி இருக்கும். கால்ப்ரோடெக்டின் இரண்டிலும் ஏறும். எரிகிறது என்று சொல்லும், எது எரிகிறது என்று சொல்லாது. எண்ணை நம்பி க்ரோன்ஸுக்கான ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட்டால் காசநோய் உடம்பெல்லாம் பரவிவிடலாம். அதனால் புண்ணிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்காமல் நான் க்ரோன்ஸ் என்று பேர் வைப்பதில்லை. அப்புறமும் சந்தேகம் தீராதவர்களுக்குக் காசநோய் மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பதுண்டு.

என்னைக் கேட்டால், நோய் உறுதியான பிறகுதான் இந்தச் சோதனை அதிகம் உதவுகிறது. தொந்தரவு எதுவும் தெரியாத நாட்களிலும் உள்ளே அழற்சி மெல்லக் கிளம்பும். எண் சில வாரம் முன்னதாகவே ஏற ஆரம்பிக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே. ஒரே எண்ணைவிட, அது போகிற போக்குதான் முக்கியம். ஒவ்வொரு லேப்பின் சோதனைக் கிட்டும் வேறு வேறு அளவு காட்டும் என்பதால் எப்போதும் ஒரே லேப்பில் எடுங்கள். காலையில் முதலில் போகிற மலமாக இருந்தால் நல்லது.

கோலைடிஸுக்கு மெசலமைன் சாப்பிடும் ஒருவர், "நல்லாத்தானே இருக்கேன்" என்று தானாகவே மாத்திரையை விட்டுவிட்டார். வழக்கமான சோதனையில் 640. அப்போதும் அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. திரும்ப ஆரம்பித்து, நாலு மாதம் கழித்துப் போன வாரம் வந்தார். நான் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்குள், "86 சார்" என்றார் பெருமையாக. அடுத்த கேள்வி: "அப்ப மாத்திரைய நிறுத்திடலாமா?"

மாத்திரை சாப்பிடுவதால்தான் 86 என்று மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று மாதம் கழித்து எடுக்க இன்னொரு டப்பாவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.