மரத்தின் உயிர் பட்டைக்கு அடியில் இருக்கிறது

இலை வாடுகிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்றுதான் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பார்கள். நான் முதலில் குனிந்து அடிமரத்தைப் பார்ப்பேன். விளக்கு மாட்டச் சுற்றிய கம்பி, கன்றாக இருந்தபோது முட்டுக்கொடுத்துக் கட்டிவிட்டு அவிழ்க்க மறந்த நைலான் கயிறு, புல் வெட்டும் இயந்திரம் உரசி உரசிப் பட்டை போன இடம் என்று ஏதாவது ஒன்று அங்கே அடிக்கடி கிடைக்கும். "மரம் இவ்வளவு தடியாக இருக்கிறதே, இந்தச் சின்னக் காயம் என்ன செய்துவிடும்?" என்பார்கள். தடிமனை நம்பாதீர்கள்.

பெரிய மரத்தைக் குறுக்கே அறுத்தால் தெரியும் கட்டையில் பெரும்பகுதி செத்த செல்கள்தான். நடுவில் இருக்கும் வைரம் என்னும் கெட்டிக் கட்டை நீரைக்கூடக் கடத்துவதில்லை, மரத்தைத் தாங்குகிறது, அவ்வளவுதான். நடுவே பொந்து விழுந்த மரங்கள் பல ஆண்டுகள் தழைத்து நிற்பது அதனால்தான். வைரத்துக்கு வெளியே உள்ள வெளிர்கட்டையில்தான் சைலம் வேலை செய்கிறது. வேர் உறிஞ்சிய நீரும் தாது உப்புகளும் மேலே போகும் வழி அது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழாய்ச் செல்கள் செத்து, உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து, லிக்னின் என்னும் கெட்டிப் பொருள் படிந்த சுவர் மட்டும் மிஞ்சிய பிறகுதான் வேலைக்கே தயாராகின்றன. நீரை மேலே இழுப்பது இலை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் தொடர் வேர்வரை இழுபடுகிறது என்று அயர்லாந்து விஞ்ஞானிகள் டிக்சனும் ஜாலியும் 1894-ல் சொன்ன விளக்கம்தான் இன்றும் நிற்கிறது.

சரி, உயிருள்ள பகுதி எங்கே? முக்கியமானது பட்டையின் உட்புறத்தில். அங்கே இருக்கும் ஃபுளோயம் இலை தயாரித்த சர்க்கரையை வேருக்கும் காய்க்கும் குருத்துக்கும் கொண்டுபோகிறது. ஃபுளோயத்துக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம், சில செல் அடுக்குகள் மட்டுமே கொண்ட படலம். உள்பக்கம் புதுக் கட்டையையும் வெளிப்பக்கம் புது ஃபுளோயத்தையும் உண்டாக்கி மரத்தைப் பருக்கவைப்பது அதுதான். மரம் பருக்கப் பருக்க, பருக்காத கம்பி இந்த இரண்டையும் நசுக்குகிறது.

இதில் மோசமான விஷயம், சேதம் உடனே தெரியாது. பட்டையை வளையமாக உரித்தாலும் சைலம் உள்ளே பத்திரமாக இருப்பதால் நீர் மேலே போய்க்கொண்டே இருக்கும், இலையும் பச்சையாகவே இருக்கும். கீழே இறங்க வழியில்லாத சர்க்கரை வளையத்துக்கு மேலே தேங்கி அந்த இடம் வீங்கும். 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய விஞ்ஞானி மால்பீகி இப்படிப் பட்டையை உரித்துப் பார்த்திருக்கிறார். வேர் சேமித்து வைத்த மாவுச்சத்தைத் தின்று கொஞ்ச காலம் ஓட்டும். அது தீர்ந்து வேர் சாகத் தொடங்கும்போதுதான் இலை வாடும், வீட்டுக்காரர் அப்போதுதான் கவனிப்பார், பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டுவார். மண்ணின் காற்றிடைவெளிகள் நிரம்பி, மிச்சமிருந்த வேரும் மூச்சுமுட்டிச் சாகும்.

கட்டியிருப்பதை இன்றே தளர்த்துங்கள். கம்பி பட்டைக்குள் புதைந்துபோயிருந்தால் பிடுங்க வேண்டாம், வெளியே தெரியும் இடங்களில் வெட்டிவிட்டால் போதும். காயத்தில் பெயின்ட், சிமென்ட் எதுவும் பூசாதீர்கள். மரம் காயம்பட்ட திசுவை மீண்டும் உருவாக்காது, அதைச் சுற்றித் தடுப்பெழுப்பி ஒதுக்கிவைத்துவிட்டு ஓரங்களிலிருந்து புதுத் திசுவை வளர்த்து மூடும். அடிமரத்தை ஒட்டி மண்ணையோ சருகையோ குவித்தால் பட்டை எப்போதும் ஈரமாக இருந்து அழுகும், ஒரு சாண் தள்ளியே போடுங்கள். கிளை செத்துவிட்டதா என்று சந்தேகமா? இளங்கிளையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள், உள்ளே ஈரப்பச்சை இருந்தால் அந்த இடத்தில் உயிர் இருக்கிறது.

அப்புறம், தென்னை, பனைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்குக் கேம்பியம் கிடையாது, சைலமும் ஃபுளோயமும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அதனால் பட்டையில் பட்ட காயம் பெரும்பாலும் கொல்லாது, ஆனால் ஒருநாளும் மூடாது. தென்னைக்கு உயிர்நிலை உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்து. அது அழுகினாலும் பழைய மட்டைகள் பல நாள் பச்சையாகவே நின்று ஏமாற்றும். நடுக்குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால் அடியில் அழுகல் பிடித்திருக்கிறது.