பாங்காக்கில் ஒரு செமஸ்டர், கட்டணம் செர்டாங்கில்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணனுக்கு மகள் விவசாயம் படிப்பதே முதலில் பிடிக்கவில்லை. "தோட்டத்த விட்டு வெளிய வரணும்னுதானே படிக்க வெச்சோம், மறுபடியும் செம்பனையா?" என்றார். அவள் ஒரு செமஸ்டர் பாங்காக் போகலாம் என்று தெரிந்ததும் கேட்டது ஒன்றே: "எவ்வளவு கட்டணும்?"

அங்கே படிப்புக் கட்டணம் கிடையாது. செர்டாங்கில், அதாவது அவள் படிக்கும் யுபிஎம்மில் (புத்ரா மலேசியா பல்கலைக்கழகம்), வழக்கமாகக் கட்டுவதைக் கட்டினால் போதும்.

திட்டத்தின் பெயர் எய்ம்ஸ். டெல்லி ஆஸ்பத்திரி இல்லை. ஆசியான் நாடுகளின் மாணவர் பரிமாற்றத் திட்டம். 2010இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து மூன்றும் சோதனையாக ஆரம்பித்தன. பிறகு வேறு ஆசியான் நாடுகளும் ஜப்பானும் தென்கொரியாவும் சேர்ந்தன. வேளாண்மையும் உணவு அறிவியலும் முதலிலிருந்தே உண்டு. பல்லுயிரியமும் கடல் அறிவியலும் பின்னால் வந்தவை. இளங்கலை மாணவர்களுக்கு மட்டும்தான். நேரே விண்ணப்பிக்க முடியாது. உங்கள் பல்கலைக்கழகம் அந்தத் துறையில் உறுப்பினராக இருந்து, உங்கள் பெயரை அனுப்ப வேண்டும்.

1931இல் வேளாண் பள்ளியாகப் பிறந்த யுபிஎம், 1997 வரை 'பெர்த்தானியான்' என்று விவசாயத்தைப் பெயரிலேயே வைத்திருந்தது. பாங்காக்கில் இருக்கும் கசெட்சார்ட் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அந்தத் தாய்ச் சொல்லைப் பிரித்தால் க்ஷேத்திரம், சாஸ்திரம்! நிலத்தைப் பற்றிய சாஸ்திரம். அண்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? கிரெடிட்டில், அதாவது படித்த பாடத்துக்குக் கிடைக்கும் மதிப்பு அலகில். எனக்குத் தெரிந்த ஒரு பையன் (எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம்) வெளிநாட்டில் நன்றாகத்தான் படித்துவிட்டு வந்தான். போவதற்கு முன் கையெழுத்து வாங்கவில்லை. மூன்று பாடங்களை இங்கே ஏற்கவில்லை. ஒரு செமஸ்டர் கூடுதலாக உட்கார்ந்தான். டிக்கெட் போடுவதற்கு முன் பாட ஒப்பீட்டுப் படிவத்தை முடித்துவிடுங்கள். இடப்பக்கம் இங்குள்ள பாடம், வலப்பக்கம் அங்கே அதற்கு ஈடான பாடம், கீழே துறையின் கையெழுத்து. பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது. அங்குள்ள பாடத்திட்டத்தை இறக்கி, மண்ணியலில் எத்தனை மணி நேரம் ஆய்வுக்கூடம், எத்தனை மணி நேரம் வயல் என்று காட்ட வேண்டும்.

கணக்கு இப்படி. மலேசியாவில் 1 கிரெடிட் என்றால் வகுப்பு, வீட்டுப் படிப்பு, தேர்வு எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. எய்ம்ஸ் பயன்படுத்தும் அளவு 38 முதல் 48 மணி. ஆக, ஒன்றுக்கு ஒன்று. ஐரோப்பாவில் 1 கிரெடிட் 25 முதல் 30 மணிதான். அங்கே 5 எடுத்தால் இங்கே ஏறக்குறைய 3.

கட்டணம் இல்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. விமானம், வாடகை, காப்புறுதி, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. இதற்கான உதவித்தொகை நாட்டுக்கு நாடு வேறுபடும். அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செமஸ்டர் தேதிகளையும் பாருங்கள். இங்கே தேர்வு முடிவதற்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிடலாம்.

முதுகலைக்கு வழி வேறு. யுபிஎம், கசெட்சார்ட், இந்தோனேசியாவின் போகோர், காஜா மாடா, பிலிப்பைன்ஸின் லோஸ் பான்யோஸ் ஆகிய பல்கலைக்கழகங்கள் 1989இல் வேளாண் மேற்படிப்புக்கென ஒரு கூட்டமைப்பு தொடங்கின. அதைக் கவனிப்பது லோஸ் பான்யோஸில் உள்ள சியர்கா என்ற தென்கிழக்காசிய வேளாண் மையம்.

மகள் திங்கட்கிழமை செந்தூலில் கம்யூட்டர் ரயில் ஏறுகிறாள். அண்ணன் இப்போது கேட்பது, படிவத்தை நகல் எடுத்தாயா என்று.