நினைவுச்சின்னத்துக்கு அருகே சொந்த நிலம்: எங்கே கட்டலாம், எங்கே கூடாது

கங்கைகொண்டசோழபுரம், கொடும்பாளூர், சித்தன்னவாசல் போன்ற ஊர்களில் வீடு கட்ட நினைப்பவருக்கு ஊராட்சியின் வரைபட அனுமதி மட்டும் போதாது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் பக்கத்தில் இருந்தால் இன்னொரு சட்டமும் குறுக்கே வரும்: 1958ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் மற்றும் எச்சங்கள் சட்டம். நாடு முழுவதும் 3,600க்கும் மேற்பட்ட சின்னங்கள் இதன் கீழ் வருகின்றன. அவற்றில் பல, வயலுக்கும் குடியிருப்புக்கும் நடுவில்தான் நிற்கின்றன.

சட்டம் இரண்டு வளையங்களை வரைகிறது. பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லையிலிருந்து எல்லாத் திசைகளிலும் குறைந்தது 100 மீட்டர் வரை தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. இந்த அளவுகள் முதலில் 1992 ஜூன் 16 அன்று ஓர் அறிவிக்கையாக வந்தன. ஆனாலும் தடைப் பகுதிக்குள் விதிவிலக்காக அனுமதிகள் வழங்கப்பட்டு வந்தன. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நடைமுறை செல்லாது என்றது. அதன் பிறகே, 2010இல் சட்டம் திருத்தப்பட்டு, எல்லைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டன.

பலரும் தவறுவது அளவெடுப்பதில்தான். கோபுரத்திலிருந்தோ கோயில் சுவரிலிருந்தோ நாடா பிடித்தால் கணக்கு தப்பிவிடும். பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லை கட்டடத்தோடு முடிந்துவிட வேண்டும் என்பதில்லை. சுற்றியுள்ள வெற்று நிலமும் அதில் சேர்ந்திருக்கலாம். எனவே உங்கள் பட்டா நிலத்தின் புலப்படத்தை எடுத்துக்கொண்டு, எல்லை எந்தப் புல எண்ணில் முடிகிறது என்று மத்தியத் தொல்லியல் துறையின் வட்ட (சர்க்கிள்) அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அடித்தளம் தோண்டிய பிறகு கேட்பது வீண்.

தடைப் பகுதிக்குள் புதுக் கட்டடம் அறவே கூடாது. சாதாரண வீட்டுக்கு மட்டுமல்ல, 2010 திருத்தத்துக்குப் பிறகு பொதுத் திட்டங்களுக்கும் அங்கே அனுமதி இல்லை. அதைத் தளர்த்தும் மசோதா ஒன்றை 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையைத் தாண்டி அது சட்டமாகவில்லை. ஏற்கெனவே உள்ள வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்புவதும், பக்கவாட்டில் ஓர் அறை சேர்ப்பதும் சட்டத்தின் பார்வையில் புதுக் கட்டுமானமே. பொதுக் குடிநீர், மின் விநியோகம், கழிவுநீர்க் கால்வாய், பொதுக் கழிப்பறை போன்ற பொது வசதிகள் ‘கட்டுமானம்’ என்ற சொல்லின் வரையறைக்குள் வருவதில்லை.

அப்படியானால் தடைப் பகுதியில் பரம்பரையாக வாழ்பவர் ஒழுகும் கூரைக்கு என்ன செய்வது? பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கும் முன் அனுமதி வேண்டும். அந்த வீடு 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது பிறகு தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய வீட்டு வரி ரசீதுகளும் பத்திரமும் மின் இணைப்பு ஆவணமும் இந்த இடத்தில்தான் கைகொடுக்கும். ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: பழைய சுவர்களை முற்றிலும் இடித்துவிட்டு அதே அளவில் மறுபடி கட்டலாம் என்று கொத்தனார் சொன்னால் கேட்காதீர்கள். அது மறுகட்டுமானம். ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அதற்கு அனுமதி கேட்கலாம். தடைப் பகுதியில் கேட்கவே வழியில்லை. இடித்தபின் கையில் மிஞ்சுவது காலி மனைதான்.

இரண்டாம் வளையத்தில் புது வீடு, மறுகட்டுமானம், பழுது எல்லாமே சாத்தியம், முன் அனுமதியோடு. விண்ணப்பம் அரசு அறிவிக்கையில் குறிப்பிட்ட தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போகிறது, இணையவழியிலும் அனுப்பலாம். அவர் 15 நாட்களுக்குள் அதைத் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். கட்டடத்தால் சின்னத்துக்கு நேரும் பாதிப்பை ஆராய்ந்து சொல்ல ஆணையத்துக்கு இரண்டு மாதம். அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் அதிகாரி முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுப்பதானால் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்து, எழுத்து மூலமாகவே மறுக்க வேண்டும். வாய்மொழியாக ‘கிடைக்காது’ என்று அனுப்பிவைத்தால் அது மறுப்பாணை ஆகாது. ஆணையை எழுத்தில் கேளுங்கள்.

அனுமதி கிடைத்தாலும் உயரத்தைக் கவனியுங்கள். ஆணையம் குறிப்பிடும் உயரத்தில் மாடிப்படி அறை, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடக்கம். கூரை மட்டத்தை மட்டும் கணக்கிட்டு வரைபடம் போட்டால், கடைசியில் தொட்டி வைக்க இடமிருக்காது.

அனுமதியின்றிக் கட்டினால், எந்த வளையமானாலும், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே துணைபோகும் அரசு அலுவலருக்குச் சிறைத்தண்டனை மூன்று ஆண்டு வரை போகலாம்.

தனித்து நிற்கும் ஒரு சிறு கல்வெட்டுப் பாறைக்கும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் ஒரே 100 மீட்டர் என்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலுக்கேற்பத் தனித் துணைவிதிகள் வகுக்க வேண்டும் என்று 2010 திருத்தமே சொல்கிறது. அவை வந்தாலும், தடைப் பகுதியின் குறைந்தபட்ச அளவு சட்டத்திலேயே இருப்பதால் அது சுருங்காது.

ஊரில் உள்ள எல்லாப் பழைய கோயிலுக்கும் இந்த வளையங்கள் உண்டு என்றும் எண்ண வேண்டாம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டவற்றுக்கே இவை பொருந்தும். மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. அறநிலையத் துறைக் கோயில் என்பதாலேயே மத்தியச் சட்டம் வந்துவிடாது.

மனை வாங்குவோருக்கு ஒரு சொல்: வில்லங்கச் சான்றில் பதிவான பரிவர்த்தனைகள்தான் தெரியும், இந்த வளையங்கள் தெரியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் தூரத்தை அளந்து பாருங்கள். 300 மீட்டருக்குள் வருமானால், அனுமதி கிடைத்தால்தான் கிரயம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.