ரத்தக் கொதிப்பில் எதுவும் கொதிப்பதில்லை

என் பெரியம்மா ஒருநாள் பிரஷர் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "இப்பல்லாம் எனக்குக் கோபமே வர்றதில்ல, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றார். அவர் மீது தப்பில்லை. நோய்க்கு நாம் வைத்த பெயர் அப்படி.

'கொதி' என்ற வினையிலிருந்து வந்தது கொதிப்பு. உலை கொதிக்கும், காய்ச்சலில் உடம்பு கொதிக்கும், அநியாயத்தைக் கண்டால் ரத்தம் கொதிக்கும். அதனால் 'ரத்தக் கொதிப்பு' என்றதுமே சூடும் சினமும்தான் மனதில் வருகின்றன. உண்மையில் இந்த நோயில் ரத்தம் சூடாவதில்லை. பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது.

இந்த நோயின் ஆங்கிலப் பெயரான 'ஹைப்பர்டென்ஷன்' என்ற சொல்லும் இதே குழப்பத்தைத்தான் தருகிறது. 'ஹைப்பர்' கிரேக்கம், மிகுதி என்று பொருள். 'டென்ஷன்' லத்தீன் வழி வந்தது, இழுத்து விறைத்த நிலை. ரத்தக்குழாய்ச் சுவர் தாங்கும் விசையைச் சொல்லும் சொல் அது. நம் பேச்சிலோ டென்ஷன் என்றால் மனப்பதற்றம். சாதுவான ஆளுக்கு இந்த நோய் வராது என்று பலர் நம்புவதில் இதற்கும் பங்குண்டு.

ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1733-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். குதிரையின் தமனியில் நெடிய கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார்; ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. அந்த உந்துதல்தான் அழுத்தம். ரத்தம் ஓட அது எல்லோருக்கும் வேண்டும். ஆகவே "எனக்கு பிரஷர் இருக்கு" என்பதும் பாதிச் சொல்தான். அளவுக்கு மேல் இருப்பதே நோய் என்பதால் 'உயர் ரத்த அழுத்தம்' என்பதே சரி. இலங்கையில் 'உயர் குருதி அமுக்கம்' என்பார்கள். வானிலையில் நாம் காற்றழுத்தத் தாழ்வு என்பதும் அங்கே 'தாழமுக்கம்'தான். எனக்கு அந்தச் சொல்லும் பிடிக்கும்.

சரி, 140/90 என்கிறார்களே? இதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம் மேல் எண், தளரும்போது உள்ளது கீழ் எண். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140-ஐயோ 90-ஐயோ தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்.

பெரியம்மாவுக்கு இதையெல்லாம் தோட்டத்துக் குழாயை வைத்து விளக்கினேன். எண் இறங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றேன். உப்பு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றபோதுதான் ஊறுகாய் ஜாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இப்போது அளப்பதற்கு முன் 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல் கையை நீட்டுகிறார்.