விளக்குகள் 400 கிலோ, கயிற்றுக்கு எத்தனை கிலோ?

கச்சேரி மேடைக்கு மேலே குறுக்காகத் தொங்கும் அலுமினியக் குழாய்ச் சட்டத்தை லைட்காரர்கள் ட்ரஸ் என்பார்கள். அதில் மாட்டுகிற மூவிங் ஹெட் விளக்கு (மோட்டாரால் தலையைத் திருப்பும் விளக்கு) ஒவ்வொன்றும் 20 முதல் 40 கிலோ வரை வரும். விளக்கு, ட்ரஸ், கேபிள் எல்லாம் சேர்த்து 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மேலே இருக்கும் ஒரே கொக்கியிலிருந்து இரண்டு ஸ்லிங்கை, அதாவது சுமை தூக்கும் கயிற்றை, விரித்து ட்ரஸ்ஸின் இரு பக்கமும் கட்டுகிறார்கள். கயிற்றுக்கு 200 கிலோதானே என்று தோன்றும்.

இரண்டும் செங்குத்தாகத் தொங்கினால்தான் அந்தக் கணக்கு சரி. சாய்ந்த கயிற்றின் இழுப்பில் ஒரு பகுதிதான் சுமையை மேலே தூக்குகிறது. மிச்சம் பக்கவாட்டில் வீணாகிறது. கொடிக்கயிற்றை விறைப்பாகக் கட்டி ஈரப் போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். இரு கயிற்றுக்கும் இடையே 60 டிகிரி இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 231 கிலோ. 120 டிகிரி ஆனால் ஒவ்வொரு கயிறும் முழு 400 கிலோவையும் தாங்க வேண்டும். 150 டிகிரிக்கு விரித்தால் சுமார் 770! கூரை தாழ்வாக இருக்கிறதே என்று கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டும் இடங்களில் நடப்பது இதுதான். அந்தப் பக்கவாட்டு இழுப்பும் சும்மா இருப்பதில்லை, 120 டிகிரியில் ட்ரஸ்ஸை இரு பக்கமிருந்தும் 346 கிலோ விசையோடு உள்நோக்கி நெருக்குகிறது.

அப்புறம், எடையை எங்கே மாட்டுகிறோம் என்பது. இரு முனையிலும் தாங்கப்பட்ட குழாயின் நடுவில் மொத்தச் சுமையையும் தொங்கவிட்டால், அதே சுமையை நீளம் முழுக்கப் பரப்பியதைப் போல இரண்டு மடங்கு வளைக்கும் விசை நடுவில் உண்டாகும். கனமான விளக்கைத் தாங்குபுள்ளிக்குப் பக்கத்தில் மாட்டுவது நல்லது. ஆனால் நடிகரின் முகத்துக்கு ஒளி எங்கிருந்து வர வேண்டும் என்று டிசைனர் ஒரு பிடிவாதம் பிடிப்பார். அந்தச் சண்டை எல்லா மேடையிலும் உண்டு.

விளக்கைக் குழாயில் பிடித்திருப்பது கொக்கி வடிவ கிளாம்ப். போல்ட்டை முடுக்குவதற்கு முன்பே கொக்கி குழாயில் உட்கார்ந்து எடையைத் தாங்கிவிட வேண்டும். போல்ட்டின் வேலை அது நகராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். பலம் காட்டி முடுக்கினால் மெல்லிய அலுமினியக் குழாய் நசுங்கும்.

அந்தக் கிளாம்ப் கைவிட்டால்? அதற்காகத்தான் சேஃப்டி கேபிள் என்னும் எஃகுக் கம்பிக்கயிறு. இதில் பலரும் கவனிக்காதது அதன் தொய்வு. 25 கிலோ விளக்கு 30 செ.மீ. விழுந்து, கேபிள் அதை 2 செ.மீ. தூரத்துக்குள் நிறுத்துகிறது என்றால் சராசரி விசை 400 கிலோ எடைக்குச் சமம், உச்சத்தில் இன்னும் அதிகம். தொய்வு 3 செ.மீ.தான் என்றால் அதே சராசரி 63 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆக, கேபிளைக் குழாயையும் விளக்கின் உடலையும் சேர்த்துச் சுற்றி, விளக்கைத் திருப்பிச் சரிசெய்யத் தேவையான தளர்வை மட்டும் விட வேண்டும். திருவிழா மேடைகளில் சவுக்குக் கம்பத்தில் வெறும் கட்டுக்கம்பியால் கட்டிய விளக்கைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சூடு இன்னொரு கதை. 1000 வாட் ஹாலஜன் விளக்கு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. ட்ரஸ்ஸைக் கட்டும் பாலியஸ்டர் ஸ்லிங் 250 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகும். அதற்கு வெகு முன்பே வலிமை குறையத் தொடங்கிவிடும். அதனால் பக்கத்தில் எஃகுக் கயிறு ஒன்றைத் துணைக்குப் போடுவார்கள். திரைச்சீலைக்கும் விளக்குக்கும் இடைவெளி விடுவதன் அருமை 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவில் தெரிந்தது. இரோக்வாய் தியேட்டரில் ஓர் ஆர்க் விளக்கிலிருந்து திரையில் தீப்பற்றி, 600 பேருக்கு மேல் இறந்தார்கள்.

முடிந்தவரை ட்ரஸ்ஸைத் தரைக்கு இறக்கி, விளக்குகளை மாட்டி, எரியவிட்டுப் பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்பேனரை இடுப்போடு கயிறு போட்டுக் கட்டிக்கொள்வார்கள். 8 மீட்டர் உயரத்திலிருந்து நழுவும் ஸ்பேனர் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் தரைக்கு வந்து சேரும்.