மின் லோடு 100 கிலோவாட்டை எட்டினால் உங்கள் கட்டடத்துக்கும் விதி உண்டு

மதுரை பைபாஸ் ரோட்டிலும் மாட்டுத்தாவணிப் பக்கமும் புதிதாக எழும் வணிகக் கட்டடங்களில் முகப்பு முழுக்கக் கண்ணாடி பதிப்பது வழக்கமாகிவிட்டது. நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது. உள்ளே இறங்கும் சூட்டை விரட்ட ஏ.சி. நாளெல்லாம் ஓடியாக வேண்டும். இதற்கென்றே மத்திய அரசின் விதி ஒன்று 2007 முதல் இருக்கிறது.

எரிசக்தி சேமிப்புக் கட்டட விதி, சுருக்கமாக ஈ.சி.பி.சி. என்று அதற்குப் பெயர். ஏ.சி., ஃப்ரிட்ஜ்களுக்கு நட்சத்திரக் குறி தரும் அதே பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) கொண்டுவந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. மொத்த லோடு (இணைத்திருக்கும் மின்கருவிகளின் மொத்தத் திறன்) 100 கிலோவாட் அல்லது ஒப்பந்த டிமாண்ட் (மின் வாரியத்திடம் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உச்சத் தேவை) 120 கே.வி.ஏ. அளவை எட்டும் புதிய வணிகக் கட்டடங்களுக்கானது. ஜவுளிக் கடை, ஆஸ்பத்திரி, ஓட்டல், ஏ.சி. போட்ட மஹால் எல்லாம் இதில் வரும். விதிப்படி கட்டினால் சாதாரணக் கட்டடத்தைவிட 25 சதவீதமாவது மின்சாரம் மிச்சமாக வேண்டும் என்பது இலக்கு. இதே விதியில் இன்னும் உயர்ந்த பிளஸ் தரத்துக்கு 35 சதவீதம், சூப்பர் தரத்துக்கு 50.

கண்ணாடி விஷயத்தில் விதி கறாரானது. வெளிச்சுவர்ப் பரப்பில் ஜன்னல், கண்ணாடி எல்லாம் சேர்த்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அப்புறம்தான் தானியங்கிக் கருவிகள். ஸ்டோர் ரூம், பொதுக் கழிப்பறை, மீட்டிங் ஹால் போன்ற இடங்களுக்கு ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார் பெரிய உதவி. கடைசி ஆள் வெளியேறிய 15 நிமிடத்துக்குள் விளக்கை அணைத்துவிடும். மாசி வீதிக் கடைகளின் மாடிக் குடோன்களில் ஆளே இல்லாமல் பகல் முழுக்க எரியும் ட்யூப் லைட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? சரி, அதற்கும் வழி உண்டு. அலுவலகம், மால், மருத்துவமனை போன்றவற்றுக்கு பி.இ.இ. நட்சத்திரத் தரம் தருகிறது. கட்டாயமில்லை, விரும்பினால் விண்ணப்பிக்கலாம். கணக்கு எளிது: ஓர் ஆண்டில் செலவான யூனிட்டைக் கட்டடப் பரப்பால் வகுக்க வேண்டும். 1,000 சதுர மீட்டர் கட்டடம் ஆண்டுக்கு 1,50,000 யூனிட் எடுத்தால், சதுர மீட்டருக்கு 150. விண்ணப்பிக்காவிட்டாலும் இந்த எண்ணை ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். மாடிக்கு மாடி தனி மீட்டர் வைத்தால் எந்தத் தளம் விழுங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த கண்ட்ரோல் சிஸ்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது இதுதான்.

செலவே இல்லாத வேலையும் ஒன்று இருக்கிறது: ஏ.சி.யை 18-லிருந்து 24-க்கு ஏற்றுவது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்கிறது பி.இ.இ.

தமிழ்நாட்டில் எரிசக்தி சேமிப்புக்குப் பொறுப்பு மின் ஆய்வுத் துறை. புதிதாகக் கட்டுபவர்கள் வரைபடம் போடும்போதே இன்ஜினியரிடம் ஈ.சி.பி.சி. பற்றிக் கேளுங்கள். பூச்சு முடிந்தபின் சென்சாருக்கு வயர் இழுக்கச் சுவரைக் கொத்துவது இரட்டைச் செலவு.